துவக்கும் அனுமதிப்பத்திரமும்

யாழ்ப்பாணத்தார் துவக்கு என்று வழங்குவதனைத் தமிழகத்தார் துப்பாக்கி என்பர். இரண்டும் துருக்கிய மூலம் ஒன்றின் வழிவந்த சொற்கள் என்பது அகராதியாளர் கருத்து. சிங்களத்தில் அது துவக்குவ எனப்படும். சோற்றுக்கும் நீருக்கும் வெவ்வேறு சொற்களை வழங்கும் இரு மொழியினர் இப்பொருளுக்கு ஏறக்குறைய ஒரே சொல்லை வழங்குவது கவனிக்கத்தக்கது. பொருள் கடல்வழி வந்தது. சொல்லும் அதனோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டதும் அப்பொருளின் துணையோடுதான்.

அச்சொல்லைப் பல்லாண்டுகள் நாடோறும் எழுதிச் சம்பளம் பெற்ற ஒருவர் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் வாழ்கின்றார். எண்பது வயதை அண்மித்தபோது முதன்முதலாக அமெரிக்காவைக் கண்டவர். 1968இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் இலிகிதராகச் சேர்ந்து பல பகுதிகளிற் கடமையாற்றியவரெனினும், ஊரார் அவரை இன்றும் 'துவக்குக் கிளாக்கர்' என்றே குறிப்பிடுவர். சுடுகலன் அனுமதிப்பத்திரங்கள் அவருடைய மேசையினூடாகவே அரசாங்க அதிபரின் கையொப்பத்துக்குச் சென்றன. தம் வாழ்நாளில் ஒரு வெடிதானும் வைத்தறியாதவர் அவர். ஆயினும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், இடியன், கட்டுத்துவக்கு என்று அவற்றின் வகைகளையும், எவ்வகை சட்டத்துக்குட்பட்டது, எவ்வகை புறம்பானது என்பதனையும் பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிப்பது போல ஒப்புவிப்பார்.

அவருடைய மகள் நியூ ஜேர்சி மாநிலத்திலும் மகன் ரெக்சாஸ் மாநிலத்திலும் குடியிருக்கின்றனர். 2023 கோடையில் இரு வீடுகளிலும் அவர் மாறி மாறித் தங்கினார். அமெரிக்கா சென்று மீளும் பெரியவர்கள் பெரும்பாலும் வீதிகளின் அகலத்தையும் பனியையும் பேரங்காடிகளையும் பற்றிப் பேசுவர். இவர் கொண்டுவந்த பேச்சோ வேறு. ஒரு நாட்டில் ஐம்பது கச்சேரிகள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் மனம்போனபடி துவக்குக்குச் சட்டம் செய்துகொண்டால், அந்நாடு எவ்வாறிருக்கும் என்பதே அவர் கண்டுவந்த புதினம்.

அப்புதினம் அவருக்கு ஏன் அத்துணை பெரிதாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள அவர் இருந்த மேசையை அறிதல் வேண்டும். இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமாகும். பல திருத்தங்கள் பெற்று, 1996இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டு, அது இன்றும் நடைமுறையிலுள்ளது. அதன் அடிப்படை எளிது. துவக்கு வைத்திருத்தல் உரிமையன்று. அரசு மனம்வைத்துக் கொடுப்பது. ஏன் வேண்டும் என்பதனை வேண்டுவோனே காட்டுதல் வேண்டும். காட்டியபின்னரும் ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பித்தல் வேண்டும். விண்ணப்பம் வந்ததும் கிராம சேவகரின் அறிக்கை கேட்கப்படும். பொலிசாரின் அறிக்கை கேட்கப்படும். காணி எவ்வளவு, எங்கே, என்ன பயிர், அதனை அழிக்கும் விலங்கு யாது என்பனவெல்லாம் கோப்பிலே ஏறும். விதானைமார் காலத்தில் ஒரு வரியில் முடிந்த அறிக்கை, 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தபின் இரண்டு பக்கமாயிற்று என்று அவர் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

இங்கே ஒரு புவியியற் செய்தி இடம்பெறுதல் அவசியம். கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1984இல். அதுவரை யாழ்ப்பாண மாவட்டம் என்பது குடாநாட்டோடு முடிந்துவிடவில்லை. ஆனையிறவு கடந்து கரைச்சி, பூநகரி எனப் பெருநிலப்பரப்பிலும் விரிந்திருந்தது. ஆதலால் ஒரே மேசைக்கு இரண்டு உலகங்களின் விண்ணப்பங்கள் வந்தன. குடாநாட்டில் வேலிக்கு வேலி அயல். கிணற்றுநீர் பாயும் சிறு துண்டுகளில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். ஒருவர் இருமினால் அடுத்த வளவில் கேட்கும். ஆனையிறவுக்கு அப்பாலோ இரணைமடுக் குளத்தின் கீழ் விரிந்த வயல்கள், அவற்றின் ஓரத்திற் காடு, காட்டினுள்ளே பன்றியும் யானையும். விளைந்த வயலை ஓரிரவிற் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுப் போவதைக் கண்டவனிடம் துவக்கு ஏன் என்று கேட்பது வீண்கேள்வி. அதே கேள்வியைக் கந்தரோடையிலோ கரவெட்டியிலோ இருப்பவனிடம் கேட்காதிருப்பது பொறுப்பின்மை.

சட்டம் ஒன்று, படிவம் ஒன்று, கையொப்பமிடுபவரும் ஒருவரே. ஆயினும் ஆனையிறவுக்கு இப்பால் கிடைத்த விடை வேறு, அப்பால் கிடைத்த விடை வேறு. எழுத்திலில்லாத இவ்வேறுபாட்டைக் காத்தவர்கள் இலிகிதர்கள். ஒருமுறை குடாநாட்டுத் தோட்டக்காரர் ஒருவர் முந்திரிகைக் குலைகளை வௌவால் தின்கின்றது என்று இரட்டைக்குழலுக்கு விண்ணப்பித்தாராம். 'வலை போதுமானது' என்று அவர் ஓரக்குறிப்பு எழுதினார்; அதிபர் அதன்கீழ் ஒப்பமிட்டார். தம் உத்தியோக வாழ்விற் தாம் எழுதிய மிகச் சிறந்த வாக்கியம் அதுவே என்பது அவருடைய கணிப்பு.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1791இல் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாகச் சொல்கின்றது. அது குடிப்படையோடு மட்டும் தொடர்புடையதா, தனியாளுக்கும் உரியதா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2008இல் உயர்நீதிமன்றம் தனியாளுக்கும் உரியதெனத் தீர்த்தது. 2010இல் அவ்வுரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022இல் நியூ யோர்க் மாநிலத்து வழக்கிலே, வெளியே துவக்கு கொண்டுசெல்லத் தக்க காரணம் காட்டு என்று கேட்கும் வழக்கத்தையே செல்லாதென ஒதுக்கியது. 'காரணம் காட்டு' என்பதே முழு வேலையாக இருந்த ஒருவருக்கு அத்தீர்ப்பு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை ஊகித்தறியலாம். அங்கே ஏன் வேண்டும் என்பதை வேண்டுவோன் சொல்லவேண்டியதில்லை. ஏன் கூடாது என்பதை அரசுதான் சொல்லவேண்டும்.

இத்தீர்ப்புகளுக்குக் கீழேயும் மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வேறுபாடு பெரிது. வேர்மொன்ற் மாநிலம் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்ல என்றுமே அனுமதி கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் அவ்வழி சென்றன. 2024அளவில் அவ்வாறான மாநிலங்கள் இருபத்தொன்பதாயின. மறுபுறம் இலினோய் மாநிலத்தில் 1968 முதல் துவக்கு வைத்திருப்போர் அடையாள அட்டை பெறல் வேண்டும். ஹவாயில் ஒவ்வொரு துவக்கும் பதிவு செய்யப்படல் வேண்டும். மசச்சூசெற்ஸில் உள்ளூர்ப் பொலிஸ் தலைவரே அனுமதி வழங்குபவர். ஊர்களுக்கிடையிலும் போட்டி உண்டு. 1981இல் இலினோயின் மோர்ட்டன் குரோவ் என்ற சிற்றூர் கைத்துப்பாக்கியை அடியோடு தடைசெய்தது. மறு ஆண்டே ஜோர்ஜியாவின் கெனசோ என்னும் ஊர் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துவக்கு வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. முன்னையது 2008இல் நீக்கப்பட்டது. பின்னையதை எவர்மீதும் நடைமுறைப்படுத்தியதில்லை. சட்டத்தின் வாயிலாக ஏசிக்கொள்வது யாழ்ப்பாணத்தில் வேலிச்சண்டைக்காரர்களுக்கு மட்டுமே உரிய கலையன்று போலும்.

துவக்குப் பிரியர்களின் சஞ்சிகையொன்று ஆண்டுதோறும் மாநிலங்களை வரிசைப்படுத்துகின்றது; அரிசோனா போன்றவை மேலே, நியூ ஜேர்சியும் நியூ யோர்க்கும் கீழே. துவக்குக் கட்டுப்பாட்டை வேண்டும் சட்ட நிலையமொன்றும் பள்ளிக்கூடப் புள்ளிபோல மாநிலங்களுக்குத் தரமிடுகின்றது. கலிபோர்ணியாவும் நியூ ஜேர்சியும் முதற்றரம், ரெக்சாசும் மிசிசிப்பியும் சித்தியெய்தாதவை. மருமகன் இரண்டு பட்டியல்களையும் அச்சிட்டுக் கொடுத்தபோது, ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் மற்றது வருகின்றதே என்றார் பெரியவர். உண்மை அதுவே. இரண்டும் சட்டப்புத்தகத்தை அளக்கின்றன, மனிதரை அளக்கவில்லை. மனிதரை அளக்கும் மூன்றாவது பட்டியல் ஒன்றுண்டு. அதனை வெளியிடுவது மத்திய அரசின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம். 2021இல் துவக்கால் இறந்தோர் மிசிசிப்பியில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 34. மசச்சூசெற்ஸில் 3க்குச் சற்று மேல். ரெக்சாஸில் ஏறத்தாழ 16. நியூ ஜேர்சியில் ஏறத்தாழ 5. இவ்வேறுபாடு முழுவதையும் சட்டத்தின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. வறுமையும், நாட்டுப்புற வாழ்வும், வேட்டை மரபும், பழைய இனப்பகையும் அதனுள் அடங்கியுள்ளன. எனினும் அத்தொகையின் உட்பிரிவைப் பார்ப்போர் திடுக்கிடுவர். 2022இல் அமெரிக்காவில் துவக்கால் இறந்தோர் ஏறத்தாழ 48,000 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பிறராற் சுடப்பட்டவர்கள் அல்லர். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள்.

இவ்வரி பெரியவரை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அதற்குக் காரணம் பின்னே வரும்.

நியூ ஜேர்சி அவருக்குப் பிறந்தகம் போலத் தோன்றியது. அங்கே கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோன் உள்ளூர்ப் பொலிசில் விண்ணப்பிக்கவேண்டும்; தன்னை அறிந்த இருவரின் பெயரைத் தரவேண்டும்; மனநலப் பதிவேடுகளைப் பார்வையிட இசையவேண்டும்; ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதி பெறவேண்டும். கிராம சேவகர் இல்லையே ஒழிய மற்றெல்லாம் கச்சேரிக் கோப்பு மாதிரியே இருக்கின்றது என்று அவர் திருப்தியுற்றார். மகள் வீட்டில் அப்பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் அம்மாநிலத்திற் குற்றங்களில் அகப்படும் துவக்குகளிற் பெரும்பாலானவை வேறு மாநிலங்களில் முதன்முதல் விற்கப்பட்டவை என்பது அங்கே யாவரும் அறிந்த செய்தி. தெற்கே சட்டம் தளர்ந்த மாநிலங்களிலிருந்து நெடுஞ்சாலை வழியே அவை வடக்கு நோக்கி வருகின்றன. கட்டளைச்சட்டம் எவ்வளவு இறுக்கமாயிருந்தும் வல்வெட்டித்துறைக் கடல் திறந்தே கிடந்ததைக் கண்டவருக்கு இதனை விளக்கவேண்டிய தேவையில்லை. எல்லை என்பது நேர்மையாளனை மட்டும் தடுப்பதும் உண்டு. 2013இல் பென்சில்வேனியாவில் முறையாக அனுமதி பெற்ற இளந்தாய் ஒருத்தி, அவ்வனுமதி எல்லை கடந்தும் செல்லுமென்று நம்பி நியூ ஜேர்சிக்குள் வாகனமோட்டி வந்து கைதானாள். 2015இல் ஆளுநர் மன்னிப்பளித்த பின்னரே வழக்கின் கறை நீங்கியது.

ரெக்சாஸ் வேறு. அம்மாநிலத்தின் வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. துவக்கின் தாயகம் என்று திரைப்படங்கள் காட்டும் அந்நிலத்தில் 1871 தொடங்கி கைத்துப்பாக்கியை உடன்கொண்டு திரிவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1995இல்தான் அனுமதியோடு மறைத்துச் செல்ல வழி பிறந்தது. 2016இல் அனுமதியோடு வெளித்தெரியக் கொண்டுசெல்லலாம் என்றாயிற்று. 2021 செப்டெம்பர் முதல், சட்டத்தால் விலக்கப்படாத இருபத்தொரு வயது நிரம்பிய எவருக்கும் அனுமதியே வேண்டியதில்லை. மாறாத மரபு என்று இன்று பேசப்படுவது முப்பதாண்டளவு பழமையே உடையது என்பதை ரெக்சாஸ்காரரே பலர் அறியார்.

மகன் ஹியூஸ்ரன் நகரின் புறத்தே வீடு வாங்கியிருக்கின்றான். அயல்வீடொன்றிற் களவு போனபின் அவனும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் கட்டிலருகேயுள்ள இழுப்பறையில் வைத்திருந்தான். தந்தை அதனைக் கண்டது தற்செயலாக, கண்ணாடி தேடியபோது.

"இதுக்கு லைசென்ஸ் எங்கை தம்பி?"

"அப்பா, இது உங்கட கச்சேரி இல்லை. இஞ்சை ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. கடையிலை போய் வேண்டலாம்."

"அப்ப ஆர் விசாரிக்கிறது?"

"கடைக்காரன் கொம்பியூட்டரிலை அடிச்சுப் பாப்பான். அஞ்சு நிமிஷம்."

"ஊருக்கை ஒருத்தரிட்டையும் கேக்கிறேல்லையோ?"

"இஞ்சை ஊர் எங்கை அப்பா இருக்கு?"

இக்கேள்விக்குப் பெரியவரிடம் விடையில்லை. கச்சேரியின் முறை முழுவதும் ஊர் என்ற ஒன்றின்மீது நின்றது. விண்ணப்பித்தவன் குடிகாரனா, மனைவியை அடிப்பவனா, சகோதரனோடு காணிவழக்கு உள்ளவனா என்பதைக் கிராம சேவகர் கேட்டறியவேண்டியதில்லை. அவருக்கு முன்னமே தெரியும். ஐந்து நிமிட விசாரணை தண்டனைபெற்றவனை அறியும். தண்டனைக்கு முந்திய நிலையில் உள்ளவனை எவ்வாறு அறியும்? இது நியாயமான வினா. மகன் தொடுத்த வினாவும் நியாயமற்றதன்று.

"எண்பத்தோராம் ஆண்டு லைப்ரரி எரியேக்கை எங்கட சனத்திட்டை என்ன அப்பா இருந்தது? ஒரு தடிகூட இல்லை. கேட்டுக் கும்பிட்டு வாங்கின பத்திரத்தாலை ஆரைக் காப்பாத்தினீங்கள்?"

1981 மே 31 இரவு தொடங்கிய அத்தீயைக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் எந்த மனத்தோடு பார்த்திருப்பார் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தீவைத்தோர் காவற்கடமைக்கு வந்தோராயிருக்க, அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்பது கேலிக்கூத்தாகத் தோன்றியிருத்தல் கூடும். அமெரிக்காவில் இரண்டாந் திருத்தத்தைப் போற்றுவோர் கூறும் முதன்மையான நியாயமும் இதுவே. அரசு கொடுங்கோன்மையாக மாறும் நாளில் குடிகள் வெறுங்கையராக இருத்தலாகாது என்பர். நிறைந்த வயிற்றோடு புறநகர் வீடுகளில் இருந்துகொண்டு அவர்கள் அதனைச் சொல்லும்போது நகைப்புக்கு இடமுண்டு; யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவன் சொல்லும்போது நகைக்க முடியாது.

பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, "பிறகு இருந்ததுதானே தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லாதுவிட்டதையும் மகன் அறிவான். பரந்தன் பக்கத்தில் வயல் வைத்திருந்த மாமனாரின் ஒற்றைக்குழல் துவக்கு 1980களின் முற்பகுதியில் வலிகாமத்து வீட்டில் இருந்தது. ஒருநாள் மாலை நான்கு இளைஞர் வந்து மரியாதையாகக் கேட்டனர், மாமனார் மறுக்கவில்லை. அக்காலத்தில் அவ்வாறு போன வேட்டைத் துவக்குகள் பல. எந்த வீட்டில் துவக்கு உண்டு என்பதைக் கச்சேரிப் பதிவேட்டைக் காட்டிலும் ஊர் நன்கறிந்திருந்தது. பதிவேடு என்பது பறிப்போனுக்கு வழிகாட்டும் பட்டியல் என்று அமெரிக்கத் துவக்குக்காரர் அஞ்சுவதும், 1986இல் அங்கே நாடளாவிய பதிவேடு அமைப்பதைச் சட்டமே தடுத்ததும் முற்றிலும் மடமையல்ல என்று அவர் ஒப்புக்கொள்வது இதனாலேயே.

வேட்டைத் துவக்கிலிருந்து தொடங்கியது அதனோடு நிற்கவில்லை. 1983இன் பின் கடல்கடந்து வந்தவை வேறு தரத்தன. 1987 ஓகஸ்ட் 5ஆந் திகதி இந்திய இலங்கை உடன்பாட்டையொட்டிப் பலாலியில் ஆயுதங்கள் கையளிக்கப்பட்டபோது இனி முடிந்தது என்று நம்பியவர்களுள் அவரும் ஒருவர். ஒக்டோபரில் அந்நம்பிக்கை கலைந்தது. தெற்கிலும் அரசு எல்லைப்புறக் கிராமத்தவர் கையில் வேட்டைத் துவக்குகளைக் கொடுத்து ஊர்காவற்படை அமைத்தது. இருபுறத்தும் துவக்கு பெருகிய அக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தான் காத்துக்கொண்டது என்று யாரும் எழுதமுடியாது. வாசலில் நின்று கேட்டவன் மாறினான்; வாசலுக்குள் நின்றவன் மாறவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் சாவகச்சேரி நோக்கி மழையில் நடந்தபோது அந்த நடையில் துவக்கில்லாதவர்களே நடந்தனர். அமெரிக்கருடைய நியாயம் துவக்கு குடிமகன் கையிலேயே தங்கியிருக்கும் என்று எண்ணுகின்றது. யாழ்ப்பாண அனுபவத்தில் அது மிகுதியான ஒழுங்குடையவன் கைக்கு விரைந்து போய்ச் சேர்கின்றது.

ஆனால் இழுப்பறையில் இருந்த அக்கைத்துப்பாக்கியைப் பற்றிப் பெரியவர் கொண்ட கலக்கத்துக்கு இவ்வரலாறு முழுக்காரணமன்று. அவருக்கு ஒரு தம்பி இருந்தார். தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாயில் ஒடுங்கியிருந்த ஆண்டுகளில் இருமுறை பரீட்சை எழுதியவர், தோட்டமும் பார்த்தவர், சிரிப்பூட்டுபவர். 1980இல், இருபத்திரண்டாம் வயதில், ஒரு மாலைப்பொழுதில் அவர் தம்மை மாய்த்துக்கொண்டார். காரணம் இன்னதென்று இன்றுவரை எவரும் அறுதியிடவில்லை. ஒரு காரணத்தில் அடங்கக்கூடியதும் அன்று. வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் மிளகாய்க் கன்றுக்கென வாங்கிய பூச்சிமருந்து இருந்தது. அக்காலத்தில் அது இல்லாத தோட்டக்காரன் வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. குடாநாட்டில் தற்கொலை மிகுந்திருந்தமை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்த ஆண்டுகள் அவை.

பின்னர் நாடளாவிய நிலையில் நிகழ்ந்தது உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் செய்தியாகும். 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47ஆக உயர்ந்து, உலகின் மிக மேலான விகிதங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டில் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரையில் வேறு மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. பத்தாண்டுகளில் விகிதம் பாதியாகக் குறைந்தது, அதன்பின்னும் குறைந்தது. போர் நின்றதாலன்று, போர் நடந்துகொண்டேயிருந்தது. வறுமை ஒழிந்ததாலுமன்று. விளைச்சலும் வீழ்ந்துவிடவில்லை. பெருந்தொகையான மனிதருக்கு அந்த எண்ணம் நாழிகைக் கணக்கில் வந்து நாழிகைக் கணக்கில் நீங்குவது என்றும், அந்நேரத்திற் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கின்றது என்பதே வாழ்வையும் சாவையும் பிரிக்கின்றது என்றும், அதனைக் கடந்து பிழைத்தோரிற் பெரும்பாலோர் பின்னர் வாழ்ந்தே முடிக்கின்றனர் என்றும் ஆய்வாளர் நிறுவினர். சாக விரும்புவோன் எப்படியும் சாவான் என்ற ஊர்ப்பேச்சு பொய்யாயிற்று.

இந்நாட்டில் பூச்சிமருந்து எங்கே இருந்ததோ அங்கே அமெரிக்காவில் துவக்கு இருக்கின்றது. வயோமிங், மொன்றானா போன்ற மாநிலங்களில் துவக்குச் சாவுகளிற் பெரும்பகுதி தற்கொலைகளே. களவும் கொலையும் அருகிய வேர்மொன்றிலும் அவ்வாறே. அம்மாநிலம் 2018இல் தன் சட்டங்களைச் சிறிது இறுக்கியது. துவக்குக்குச் சாதகமான மாநிலம் எது என்று கேட்டு வரிசைப்படுத்துவோர் துவக்குக்கும் கள்வனுக்கும் இடையிலுள்ள தூரத்தையே எண்ணுகின்றனர். துவக்குக்கும் வீட்டுப்பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் அப்பட்டியல்களிற் பெரிதாக இடம்பெறுவதில்லை. மகன் வீட்டில் அத்தூரம் பதினான்கு அடி. பெரியவர் அளந்து பார்த்தார். பேரனின் அறைக்கதவிலிருந்து இழுப்பறை வரை. பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. நல்ல பிள்ளை, வகுப்பில் முன்னணியில் நிற்பவன், அவ்வாண்டு சற்றே பேச்சுக் குறைந்திருந்தான். அவ்வயதிற் பேச்சுக் குறைவது இயல்பு என்று மருமகள் சொன்னாள். இயல்புதான்.

மகனிடம் அவர் தம் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது இருவருக்குமிடையில் இருந்தது. சட்டம் தெரிந்தவராதலின் சட்டத்தையே எடுத்தார். ரெக்சாஸில்கூடப் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி குண்டேற்றிய துவக்கை வைப்பது குற்றமென்று ஒரு பிரிவு உண்டு. நகரத்து நூலகத்தில் உதவியாளர் ஒருத்தியைக் கொண்டு அப்பிரிவைத் தேடி அச்சிட்டு, கச்சேரிப் பழக்கப்படி இருபுறமும் ஓரம்விட்டு மடித்து, மகனிடம் நீட்டினார்.

"அப்பா, நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறன், தொடக்கூடாதெண்டு."

"கொட்டிலுக்குப் போகக்கூடாதெண்டு எங்கட ஐயாவும் சொல்லித்தான் இருந்தவர்."

மறுநாள் மகன் எண்பூட்டுள்ள சிறிய இரும்புப்பெட்டி ஒன்றை வாங்கிவந்தான். குண்டுகள் வேறோர் இடத்துக்குச் சென்றன. துவக்கு கடைக்குத் திரும்பவில்லை. அதுபற்றித் தந்தையும் மகனும் இரண்டு மாதங்கள் வாதிட்டனர், உடன்பாடு காணவில்லை. களவுபோன அயல்வீட்டாரின் அச்சமும் பொய்யன்று, பொலிஸ் வண்டி வந்துசேர நாற்பது நிமிடமெடுத்ததும் பொய்யன்று என்பதைப் பெரியவர் மறுக்கவில்லை. இலங்கையில் பாதுகாப்பு அமைச்சு 2024இன் பிற்பகுதியில், தற்காப்புக்கெனத் தனியாருக்கு வழங்கிய துவக்குகளை மீள ஒப்படைக்குமாறு அறிவித்தபோது அச்செய்தியை வெட்டி மகனுக்கு அனுப்பினார். இங்கே அப்படி ஒரு கடிதம் எழுத ஒருவருக்கும் அதிகாரமில்லை என்று மகன் பதிலெழுதினான்.

வாரந்தோறும் தொலைபேசியிற் பேசும்போது சுகநலம் விசாரித்தபின் பெட்டி பூட்டியிருக்கின்றதா என்று அவர் கேட்பார். ஓம் என்று மகன் சொல்வான். பின்னர் பேரனோடு பேசவேண்டும் என்பார். அவன் தன் அரைகுறைத் தமிழில் தான் தின்றதையும் படித்ததையும் சொல்வான். 2025 கார்த்திகையில் அவனுக்குப் பதினேழு வயது நிரம்பியது. அச்சிட்டுக் கொடுத்த அப்பிரிவு அன்றோடு அவனைப் பிள்ளையாகக் கொள்வதை விட்டுவிட்டது. அவ்வாரமும் அவர் பெட்டியைப் பற்றிக் கேட்டார்.